மூச்சு விடும் வயலின்

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சுகம். உன் காது சுகம்தானே? நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவளிடம் வேறெதை முதலில் விசாரிப்பது?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்து, பாதியை அடித்துவிடலாம். அதனால்தான் இது.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மணித் தொடர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. தலைப்பு இசை, பின்னணி இசை இரண்டும் என்னுடையது. கூடவே வழக்கமான விளம்பரங்கள்: சலவைத்தூள், பெயிண்ட், ஒரு வங்கி. என்னுடைய பழைய கீபோர்டு வயலின்களைக் கேட்டுவிட்டுத் தயாரிப்பாளர், “என்ன சார், கொசு கத்துற மாதிரி இருக்கு? நாப்பது பேர் உக்காந்து வாசிக்கிற மாதிரி வேணும்” என்றார். நாற்பது பேரை வரவழைக்கச் சம்மதிப்பாரா என்றால், மாட்டார். சரி, ஒரு நல்ல சாம்பிள் லைப்ரரி வாங்கிவிடலாம் என்று அவருக்கு விளக்கினேன். “ஒவ்வொரு வாத்தியத்தையும் சுரம் சுரமா வாசிக்க வெச்சுப் பதிவு பண்ணியிருப்பாங்க சார். நான் கட்டையை அழுத்தினா அந்தச் சத்தம் வரும்.” அதற்கு அவர் கேட்டார்: “அப்ப நீங்க என்ன பண்றீங்க?”

இரண்டு லைப்ரரிகள் மனசில் இருக்கின்றன. ஒன்று, உங்கள் கம்பெனி பெரிய மண்டபத்தில் பதிவு செய்தது. இன்னொன்று, வேறொரு கம்பெனி சின்ன அறையில் பதிவு செய்தது. அந்தச் சுரங்களை நறுக்கி அடுக்குகிறவளே நீதானே, எதை வாங்கட்டும்? உன் வீட்டில் இரண்டு நாள் தங்க இடம் கொடுத்தால், நேரிலேயே வந்து கேட்டுவிடுகிறேன்.

உன் அண்ணியைப் பற்றித் தகவல் ஏதாவது உண்டா? போன மழைக்காலத்தில் ஒரு பெட்டியும் வயலினுமாகக் கிளம்பிப் போனவள்தான். உனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும்.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்

ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். காது சுகமாக இருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது, டாக்டரிடம் போ.

நீ கேட்டதற்குப் பதில்: எங்களுடையதை வாங்காதே. அந்தச் சின்ன அறை லைப்ரரியை வாங்கு. எங்கள் மண்டபத்தில் எதைத் தொட்டாலும் எதிரொலிக்கும். வயலின் சுரம் எழும்பி வருவதற்குள் உன் சலவைத்தூள் விளம்பரத்தில் சட்டையே வெளுத்துவிடும். படம் முன்னால் ஓடும், இசை பின்னால் துரத்தும். சின்ன அறையில் பதிந்தது வறண்டு கிடக்கும். முதலில் கேட்கும்போது பிடிக்காது. எதிரொலியை நீயே அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாததைச் சேர்க்க முடியும், இருப்பதை எடுக்க முடியாது.

இதற்குமேல் காரணம் கேட்காதே.

இப்போது வரவேண்டாம் அண்ணா. வீட்டில் சுவர் பூச்சு வேலை நடக்கிறது. கட்டிலைக்கூட நிமிர்த்தி வைத்திருக்கிறேன். வேலை எப்போது முடியும் என்று சொல்வதற்கில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

தங்கை

பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். சுவருக்கும் என் விசாரிப்பு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணியைப் பற்றிக் கேட்டிருந்தேன். ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை. மறந்திருப்பாய்.

எதிரொலிக் கணக்கெல்லாம் சரிதான். ஆனால் சம்பளம் கொடுக்கிற கம்பெனியின் சரக்கை வாங்காதே என்று ஒருத்தி எழுதுகிறாள், காரணமும் கேட்கக்கூடாது என்கிறாள். நான் என்ன நினைக்க? அந்த லைப்ரரியின் மாதிரிப் பதிவைக் கேட்டேன். ஒற்றை வயலின் ஒன்று நாலே நாலு சுரம் வாசிக்கிறது. தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதான் சார், இதான்” என்றார். இதை நான் வாங்கக்கூடாது என்று யாருக்கு ஆசை?

என்னிடம் உதவியாளனாக இருந்தானே நெட்டை, அவன் இப்போது உங்கள் ஊரில்தான் இருக்கிறான். எனக்குப் போட்டியாக இன்னொரு சேனலில் எட்டு மணித் தொடருக்கே இசை போடுகிறான். அவனுக்கும் நீதான் யோசனை சொல்கிறாயோ?

இன்னொன்று. சண்டை வந்தாலும் பரவாயில்லை என்று ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். நான் ‘ஹலோ’ என்றேன். பதில் இல்லை. பிறகு மெதுவாக வைத்துவிட்டார்கள். நீயாக இருந்தால் எடுத்தவுடன் கத்துவாய். தனியாக இருக்கிறவள் வீட்டில் யார் போனை எடுப்பது?

காரணத்தோடு பதில் போடு.

அண்ணன்

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அலுவலகத்தில் வேலை நெருக்கியதால் உடனே எழுத முடியவில்லை.

போனை எடுத்தது பூச்சு வேலைக்காரர். கையில் சிமெண்ட், அதனால் பேசவில்லை.

நெட்டைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன்னிடம் இருந்தபோதே அவனோடு எனக்கு ஆகாது, உனக்கே தெரியும்.

லைப்ரரி விஷயத்தில் நான் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உள்ளே நடப்பதை வெளியே எழுதக்கூடாது. நீயே சோதித்துப் பார். வாங்குமுன் எங்கள் லைப்ரரி இருக்கிற ஸ்டூடியோ ஒன்றில் அனுமதி கேட்டு உட்கார். ஒரே சுரத்தை நாலு தடவை சட்சட்டென்று தட்டு. நாலும் ஒரே மாதிரி இருந்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கும். மனுஷன் நாலு தடவை வாசித்தால் நாலு விதமாக இருக்கும். பிறகு அந்த ஒற்றை வயலினை மெதுவான பாட்டில் இல்லாமல் வேகமாக வாசித்துப் பார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

மார்ச் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். ஆவல் என்று சும்மா எழுதவில்லை, நிஜமாகவே ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூச்சு வேலைக்காரர் வேலைக்கு வருகிறார்? முகவரி கொடு. என் ஸ்டூடியோ சுவர் இரண்டு வருடமாக உரிந்து கிடக்கிறது. எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை.

நெட்டையிடமே கேட்டுவிட்டேன். கூச்சப்படாமல் போன் போட்டேன். “உங்க தங்கச்சிகிட்ட நான் பேசியே வருஷக்கணக்காச்சு சார். தெருவுல பார்ப்பேன், அவ்வளவுதான். வண்டியில எப்பவும் ரெண்டு ஹெல்மெட் மாட்டியிருக்கும்” என்றான். பேச்சுவாக்கில் சொன்னான். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு ஹெல்மெட். யாரையாவது பிடித்திருந்தால் சொல், நான் என்ன தடுக்கவா போகிறேன்? ஆனால் என்னிடம் ஒளிக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. ஒரு விஷயத்தில் ஒளிக்கிறவள் இன்னொரு விஷயத்தில் உண்மை சொல்வாள் என்று எப்படி நம்ப?

நீ வேண்டாம் என்று சொன்னதாலேயே உங்கள் கம்பெனி லைப்ரரியை வாங்கப்போகிறேன்.

அண்ணன்

மார்ச் 30

சின்னவளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நான் நலமாக இல்லை.

லைப்ரரி வந்தது. ஹார்ட் டிஸ்கில் ஏற்றுவதற்கே ஒரு நாள் போனது. முதலில் கூட்டு வயலின்களைக் கேட்டேன். நாற்பது பேர்தான், சந்தேகமில்லை. பிறகு ஒற்றை வயலினைத் திறந்தேன். மத்தியானம், வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினேன்.

சுரத்துக்கு முன்னால் ஒரு மூச்சு. மூக்கால் மெல்ல இழுக்கிற மூச்சு. பிறகு சுரம் நேராக நிற்கிறது. சற்றுத் தாமதித்துத்தான் நடுங்கத் தொடங்குகிறது.

இத்தனை வருடம் என் பக்கத்து நாற்காலியில் கேட்ட மூச்சு அது. இன்னொரு கட்டை, இன்னொரு கட்டை என்று அழுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சு இழுத்துவிட்டு வாசிக்கிறாள். வீட்டில் இருந்தபோது நான் சொன்னதை ஒரு தடவைக்கு மேல் வாசிக்கமாட்டாள். இப்போது நான் அழுத்துகிற அத்தனைக்கும் வாசிக்கிறாள்.

இப்போது புரிகிறது, ஏன் வாங்காதே என்றாய், ஏன் வராதே என்றாய், போனை எடுத்தது யார், இரண்டாவது ஹெல்மெட் யாருக்கு என்று. உன் அண்ணி உன் வீட்டில்தான் இருக்கிறாள். உன் அலுவலக மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். அவள் சுரங்களை நீ நறுக்கியிருக்கிறாய். நான் இங்கே ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இல்லை என்று மட்டும் எழுதாதே.

அண்ணன்

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதத்தைப் படித்ததும் பயந்துவிட்டேன்.

ஆமாம். அண்ணி இங்கேதான் இருக்கிறார். உன் வீட்டிலிருந்து கிளம்பிய மறுநாளே வந்தார். வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “உங்க அண்ணன்கிட்ட சொல்றதா இருந்தா இப்பவே சொல்லு, நான் வேற இடம் பார்த்துக்கறேன்.” நான் என்ன செய்ய? நாத்தனார் என்றால் அண்ணனுக்குத்தான் பரிந்துகொண்டு வரவேண்டும், தெரியும். கொட்டுகிற மழையில் நின்றவரைப் பார்த்து எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சுவர் பூச்சு பொய். போனை அவர் பழக்கத்தில் எடுத்துவிட்டார், உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

நன்றாக இருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரே சொல்லிக் கொடுக்கிறார். பெண்கள் அவரிடம்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். “பிரேக்குன்னு சொன்னா பிரேக் போடறாங்க. சொன்னதக் கேக்கறவங்களோட இருக்கறது ஒரு சுகம்தான்” என்பார்.

ஏன் வந்தார் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மெத்தை விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? அண்ணி வாசித்ததையும், அதே மெட்டைச் சாம்பிளில் போட்டதையும் மெத்தைக் கம்பெனிக்காரருக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாய். கம்பெனிக்காரர் சாம்பிளைத் தேர்ந்தெடுத்தார். நீயும் சிரித்துக்கொண்டே, “எது மனுஷி, எது மெஷின்னு எனக்கே தெரியலை சார்” என்றாய். அண்ணி ஸ்டூடியோக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம், “உன்னோடதத்தான் வெச்சுக்கிட்டாங்க” என்று சொன்னாயாம். விளம்பரம் டிவியில் வந்ததும்தான் அவர் பெட்டியை எடுத்தார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அண்ணி எங்கள் மண்டபத்தில் வாசித்தார் என்று எழுதியிருக்கிறாயே, எப்போது வாசித்தார்? இங்கே வந்ததிலிருந்து அவர் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. அலமாரிமேல் கிடக்கிறது. நிஜத்தைச் சொல், உனக்கு யார் சொன்னார்கள்? நெட்டையா? அண்ணி கேட்கச் சொன்னார்.

தங்கை

ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

நலம் என்று எழுதிவைக்கிறேன்.

இன்னுமா மறைக்கிறாய்? உங்கள் லைப்ரரியின் ஒற்றை வயலின் அவள்தான். என் காதை ஏமாற்ற முடியாது. எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, அந்த வயலின்தான் சொன்னது. அதை வைத்துத்தான் தொடரின் தலைப்பு இசையைப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து ஓடுகிறது. தயாரிப்பாளர், “வயலின் அழுவுது சார்” என்று எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார். எனக்குத்தான் தெரியும், அழுவது யார் என்று.

வாசிக்கவில்லை என்று அவள் சொல்லச் சொன்னாளா, அல்லது நீயாகவே எழுதினாயா? கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றாயே, இதை மறைக்கத்தானே?

மெத்தை விஷயத்தைப் பெரிதாக்காதே. அது தொழில். வாங்குகிறவர் எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவள் எப்படி இருக்கிறாள்? இளைத்திருக்கிறாளா?

அண்ணன்

மே 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

கையெழுத்துப் போட்டதை மீறி எழுதுகிறேன், கிழித்துவிடு. அந்த ஒற்றை வயலினை வாசித்தவர் ஒரு வழுக்கைத்தலைக்காரர். அறுபது வயது இருக்கும். வீட்டிலிருந்தே ஒரு திண்டு கொண்டுவந்து நாற்காலியில் போட்டுக்கொள்வார், வேறெதிலும் உட்காரமாட்டார். மூக்குத் தண்டு வளைந்தவர். வில்லை வைக்குமுன் உஸ்ஸென்று இழுப்பார். பதிவு செய்யும்போது யாரும் கவனிக்கவில்லை. என் மேசைக்கு வந்த பிறகுதான், ஒவ்வொரு சுரத்தின் வாசலிலும் அவர் மூக்கு நிற்பது தெரிந்தது. வெட்டினால் சுரத்தின் தலையும் சேர்ந்து போகிறது. மறுபடி பதிவு செய்யலாம் என்றேன், மேலே ஒப்புக்கொள்ளவில்லை. முடிந்தவரை நறுக்கினேன். மிச்சத்தை, “மனிதத் தன்மை” என்று விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். உன்னை வாங்காதே என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அண்ணிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்து நானேதான் எல்லாவற்றையும் உளறியிருக்கிறேன்!

உன் இரண்டு கடிதங்களையும் அண்ணி வாங்கிப் படித்தார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். “அந்த மனுஷன் மூக்குச் சத்தத்துக்கா இவரு உருகினாரு?” என்றார். பிறகு ஒரு ஷூவை முடித்து, அடுத்ததை எடுத்துவிட்டுச் சொன்னார்: “அன்னைக்கும் வித்தியாசம் தெரியலை. இன்னைக்கும் தெரியலை.”

அன்று சாயங்காலம் அவரே எட்டு மணிக்கு டிவியைப் போட்டார். தலைப்பு இசை முடிந்ததும் அணைத்துவிட்டார்.

இளைக்கவில்லை. கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.

தங்கை

மே 14

அன்புள்ள உனக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று தங்கச்சி எழுதினாள். நேராக உனக்கு எழுதத் துணிச்சல் வருவதற்கு இத்தனை நாளாகிவிட்டது.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நீ சொன்னாயாம். நியாயம்தான். மெத்தைக்காரர் வந்த அன்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து காது மரத்துப்போயிருந்தது. இரண்டும் ஒன்றுபோலவே கேட்டது. தெரிந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? உன் வாசிப்பு எது என்று தெரிந்தே விட்டுக்கொடுப்பேனா?

இந்த வயலின் விஷயத்திலும் ஏமாந்துவிட்டேன். இப்போது கேட்டால் வழுக்கைத்தலையும் திண்டும்தான் கண்முன்னால் வருகின்றன. காதில் கோளாறு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஜூன் கடைசியில் காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன், அதற்கு முன்னால் அவரிடம் நேரம் கிடைக்கவில்லை.

தலைப்பு இசையை மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். நீ வந்து வாசிப்பாயா? உன் பெயரையும் திரையில் போடச் சொல்கிறேன். தயாரிப்பாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
நான்

ஜூன் 11

உங்களுக்கு,

நான் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்ததில் நாள் போய்விட்டது.

தலைப்பு இசையைக் கேட்டேன். மெட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் வாசிக்கிற யாரும் ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சு இழுக்கமாட்டார்கள், வரி தொடங்கும்போதுதான் இழுப்பார்கள். அந்த மனிதரிடம் ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே கேட்டு வாங்கியதால் அப்படி இழுத்திருக்கிறார். வரியின் நடுவில் வருகிற மூச்சுகளை எடுத்துவிட்டு, உங்கள் தங்கை சொன்ன சின்ன அறை வயலினைக் கீழே சன்னமாகச் சேருங்கள். சரியாகிவிடும். நான் வந்து வாசிக்கத் தேவையில்லை. வரவும் மாட்டேன். சனிக்கிழமைகூட எனக்கு வகுப்பு இருக்கிறது.

வழுக்கைக்காரரை நான் என்று நீங்கள் நினைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. நான் இருக்க வேண்டும் என்று விரும்பினீர்கள், அதனால் இருந்தேன். அது காதின் தப்பு இல்லை.

ஆனால் மெத்தைக்காரர் வந்த அன்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். வித்தியாசம் தெரியவில்லை என்று உங்கள் தங்கையிடம் நான் சொன்னது, தங்கை முன்னால் அண்ணனை அதற்குமேல் சொல்ல வேண்டாம் என்றுதான். அதையே நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. உங்கள் முகம் தெரியவில்லை, மேசைக்குக் கீழே கால்கள் தெரிந்தன. முதலில் ஓடியது என்னுடையது. உங்கள் வலது கால் தாளம் போட்டது. கடைசிச் சுரம் நின்று தேய்ந்தபோது காலும் மெதுவாக நின்றது. அடுத்தது ஓடியது. கால் ஆடவே இல்லை. தரையில் வைத்தது வைத்தபடி இருந்தது. “ரெண்டாவதுதான் சுத்தமா இருக்கு” என்றார் அவர். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எனக்கும் அதான் தோணிச்சு சார்” என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு, மனுஷி, மெஷின் எல்லாம்.

வேறு எழுத ஒன்றுமில்லை. உங்கள் தங்கையோடு சண்டை போடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். காது டாக்டரிடம் போக வேண்டாம். உங்கள் காது கெட்டுப்போயிருந்தால் நான் வீட்டைவிட்டே வந்திருக்கமாட்டேன்.